இரண்டு ஏலங்களுக்கு நடுவே: ஒரு போலீஸ் பைக் சாப்பர் ஆன கதை

2014 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஒரு மோட்டார்சைக்கிள் ஏலத்துக்கு வந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க், உடம்பெல்லாம் குரோம், பெட்ரோல் டேங்க்கில் அமெரிக்கக் கொடியின் கோடுகளும் நட்சத்திரங்களும். 1969ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய 'கேப்டன் அமெரிக்கா' இதுதான் என்று சொல்லி ஏலம் விட்டார்கள். 13.5 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது.

படம் பார்க்காதவர்களுக்கும் இந்த பைக் தெரிந்திருக்கும். போஸ்டர், டீ-ஷர்ட், பொம்மைக்கடை என்று எல்லா இடத்திலும் இருக்கு. 'சாப்பர்' என்றதும் மனதில் வரும் உருவமே இதுதான்.

இந்த பைக்கின் கதை ஆரம்பித்ததும் ஒரு ஏலத்தில்தான். படத்துக்காக வாங்கியது போலீஸ் ஓட்டிக் கழித்துப்போட்ட நான்கு பழைய ஹார்லி-டேவிட்சன்கள். 1949, 1950, 1952ஆம் வருட மாடல்கள். விலை, ஒவ்வொன்றும் சுமார் 500 டாலர். இரண்டு ஏலத்துக்கும் நடுவில் விலை 2,700 மடங்கு ஏறியிருக்கு. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு சினிமாவோடது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழைய போலீஸ் வண்டி ஒன்று தானாக 'கேப்டன் அமெரிக்கா' ஆகிவிடாது இல்லையா? யாரோ ஒருத்தர் அதைப் பிரித்து, வெட்டி, வெல்டு வைத்துக் கட்டியிருக்கணும். அந்தப் பெயர்கள் படத்தின் டைட்டிலில் இல்லை. இந்தக் குறிப்பு அவர்களைப் பற்றியும், அவர்கள் செய்த வேலை பொறியியலாக எவ்வளவு கஷ்டமானது என்பதைப் பற்றியும்.

முதலில் 'பாப்', அப்புறம் 'சாப்'

சாப்பரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது படிப்படியாக வந்தது.

1930களில் அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள் பந்தயத்துக்கு 'கிளாஸ் சி' என்று ஒரு பிரிவு வந்தது. கடையில் விற்கும் சாதாரண பைக்கையே வைத்துப் போட்டி போடலாம். சாதாரண பைக்கை வேகமாக ஓட வைக்க மலிவான வழி எது? எடையைக் குறைப்பது. முன் மட்கார்டைக் கழற்றிவிடுவார்கள், பின் மட்கார்டைப் பாதியாக நறுக்குவார்கள். இப்படிச் செய்ததை 'பாப்-ஜாப்' என்றார்கள். பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்வதை 'பாப்' கட்டிங் என்கிறோமே, அதே 'பாப்'. இன்றைக்கு 'பாபர்' என்று பெரிய கம்பெனிகள் ஷோரூமில் விற்கும் மாடல்களின் பெயர் இங்கிருந்துதான் வந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இரண்டு விஷயம் சேர்ந்தது. ஒன்று, இராணுவத்தில் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய இளைஞர்கள். இரண்டு, இராணுவம் கழித்துவிட்ட பைக்குகள். ஹார்லி போர்க்காலத்தில் கட்டிய டபிள்யூ.எல்.ஏ. மாடல் மட்டுமே பல பத்தாயிரம். 740 சிசி, முரட்டு வண்டி, மலிவு விலை. அதே சமயத்தில் இங்கிலாந்திலிருந்து ட்ரையம்ஃப் மாதிரி வண்டிகள் வந்து இறங்கின. அவை 200 கிலோவுக்குக் கீழே. ஹார்லியின் பெரிய மாடல்கள் 250 கிலோவுக்கு மேலே. சிக்னலில் இங்கிலாந்து வண்டிக்குத் தோற்காமல் இருக்கணும்னா ஹார்லிக்காரன் எதையாவது கழற்றித்தான் ஆகணும்.

இதுவரைக்கும் 'பாப்'. ஸ்பானர் இருந்தால் போதும், கழற்றியதைத் திரும்ப மாட்டிவிடலாம். 'சாப்' என்பது அடுத்த கட்டம். இங்கே ஃபிரேமையே வெட்டுகிறார்கள். மட்டன் சாப்ஸில் வரும் அதே 'சாப்'தான்! வெட்டியபிறகு பழைய நிலைக்குப் போக முடியாது. 1950களின் கடைசியிலும் 60களிலும் கலிஃபோர்னியாவின் வீட்டு கராஜ்களில் இந்தத் தாண்டல் நடந்தது. 1967ல் எட் ராத் என்ற கார் கலைஞர் இதற்கென்றே 'சாப்பர்ஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். பத்திரிகை நடத்துகிற அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்னாடியே!

பாகங்கள் எங்கிருந்து வந்தன? கடையில் சாப்பர் பாகம் என்று எதுவும் விற்காத காலம் அது. நீளமான ஃபோர்க் வேணுமா? போர்க்காலத்தில் கொஞ்சம்தான் தயாரான ஹார்லி எக்ஸ்.ஏ. மாடலின் ஸ்பிரிங்கர் ஃபோர்க் மற்றவற்றைவிடச் சற்று நீளம், அதைத் தேடிப் பிடிப்பார்கள். அது கிடைக்காவிட்டால் பழைய ஃபோர்டு காரின் ரேடியஸ் ராடை வெட்டி, ஃபோர்க் காலோடு ஒட்டி நீளமாக்குவார்கள். சின்ன டேங்க் வேணுமா? கலிஃபோர்னியாவிலேயே தயாரான 'மஸ்டாங்' என்ற குட்டி மோட்டார்சைக்கிளின் டேங்க். அந்தக் கம்பெனி 1965ல் மூடிவிட்டது, ஆனால் 'மஸ்டாங் டேங்க்' என்ற பெயர் மட்டும் சாப்பர் உலகத்தில் இன்றும் ஓடுது. கையில் காசு கம்மி, பக்கத்தில் காயலான் கடை. சாப்பரின் வடிவத்தைத் தீர்மானித்ததில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

போலீஸ் பைக்கில் எதை எடுத்தார்கள்

இப்போது அந்த நான்கு போலீஸ் வண்டிகளுக்கு வருவோம். அவை ஹார்லியின் 'ஹைட்ரா-கிளைடு' மாடல். 1948ல் ஹார்லி தன் பெரிய எஞ்சினுக்கு அலுமினிய ஹெட் போட்டது. மேல்மூடி கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருப்பதால் ரசிகர்கள் இதை 'பேன்ஹெட்' என்பார்கள். 74 கன அங்குலம், அதாவது 1,200 சிசி. 1949ல் முன்பக்கம் ஹைட்ராலிக் ஃபோர்க் வந்தது, அதனால் 'ஹைட்ரா'.

போலீஸ் வண்டியில் என்னென்ன இருக்கும்? காற்றுத் தடுப்புக் கண்ணாடி, சைரன், சிவப்பு விளக்குகள், ரேடியோ பெட்டி, பக்கவாட்டுப் பைகள், விழுந்தால் அடி தாங்கும் கம்பிகள், அகலமான மட்கார்டுகள், கால் வைக்கப் பலகைகள், எருமைத் தலை மாதிரி பெரிய இரட்டை டேங்க். இதெல்லாம் முதல் நாளே கழன்றுவிடும். முன் பிரேக்கும் போய்விடும். ஆமாம், முன் பிரேக்! 'கேப்டன் அமெரிக்கா'வில் முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது என்பது பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதை அழகுக்காக எடுத்துவிட்டு ஓட்டியிருக்காங்க.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. சாப்பர் என்றாலே பின்னால் ஷாக் அப்சார்பர் இல்லாத 'ஹார்டுடெய்ல்' என்று சொல்வோம். பின் சஸ்பென்ஷனை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த வண்டிகளில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. ஹார்லியின் பெரிய மாடல்களுக்குப் பின் சஸ்பென்ஷன் வந்ததே 1958ல், 'டுவோ-கிளைடு' என்ற பெயரில். அதற்கு முந்தைய போலீஸ்காரர்கள் எல்லோரும் ஹார்டுடெய்லில்தான் ரோந்து போனார்கள். அவர்கள் முதுகைக் காப்பாற்றியது ஸ்பிரிங் வைத்த சீட். சாப்பர் கட்டுபவர்கள் அந்த ஸ்பிரிங் சீட்டையும் எடுத்துவிட்டு ஃபிரேம் மேலேயே குஷனை வைத்தார்கள். முதுகெலும்புதான் ஷாக் அப்சார்பர்.

கழுத்தை வெட்டினால் என்ன ஆகும்

இனிமேல்தான் கஷ்டமான வேலை. முன் ஃபோர்க் ஃபிரேமோடு சேரும் குழாய்க்கு 'நெக்' என்று பெயர். நேரடியாகவே 'கழுத்து' என்று வைத்துக்கொள்வோம். கழுத்து செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ அதுதான் 'ரேக்'. சாதாரண பைக்கில் 25லிருந்து 30 டிகிரி. நீளமான சாப்பர்களில் 40, 45 வரைக்கும் போகும்.

கழுத்தைச் சாய்க்க, அதற்குக் கீழே இருக்கும் ஃபிரேம் குழாயையும் மேலே இருக்கும் குழாயையும் அறுக்கணும். ஆப்பு வடிவத்தில் கொஞ்சம் எடுக்கணும், கழுத்தைப் புதுக் கோணத்தில் நிறுத்தணும், குழாய்க்குள்ளே இரும்புத் துண்டு செருகி, சுற்றி வெல்டு வைக்கணும். அரை டிகிரி இடமோ வலமோ திரும்பிவிட்டால் வண்டி வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாக இழுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த வெல்டு விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வெல்டு நன்றாக அமைந்துவிட்டது. வண்டி ஓட்ட எப்படி இருக்கும்? இங்கே கொஞ்சம் கணக்கு.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைப் பாருங்க. அது திரும்பும் அச்சு முன்னால் இருக்கும், சக்கரம் தரையைத் தொடும் இடம் சற்றுப் பின்னால் இருக்கும். அதனால்தான் தள்ளினால் சக்கரம் தானாக நேராகிறது. பைக்கிலும் இதேதான். கழுத்தின் அச்சைக் கோடாக நீட்டினால் தரையில் ஒரு புள்ளியில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். கம்மியாக இருந்தால் ஹேண்டில் வேகத்தில் ஆடும். அதிகமாக இருந்தால் நேர்ச்சாலையில் அசையாது, ஆனால் திருப்ப உயிர் போகும்.

கணக்கு எளிதுதான். சக்கரத்தின் ஆரத்தை ரேக் கோணத்தின் சைனால் பெருக்கி, ஃபோர்க்கின் ஆஃப்செட்டைக் கழித்து, கோணத்தின் கொசைனால் வகுக்கணும். சக்கர ஆரம் 320 மி.மீ., ஆஃப்செட் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

30 டிகிரியில் டிரெயில் சுமார் 115 மி.மீ. நல்ல வண்டி.
45 டிகிரியில் சுமார் 235 மி.மீ. இரண்டு மடங்கு.

இன்னொரு தொல்லையும் சேர்ந்து வரும். மெதுவாகப் போகும்போது ஹேண்டிலைத் திருப்பினால் வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் கீழே இறங்கும், சக்கரம் அந்தப் பக்கமே 'பொத்'தென்று சாயும். இதைக் குறிக்கும் எண்ணும் 50லிருந்து 118 மி.மீ. ஆகிவிடுகிறது. டிராஃபிக்கில் சாப்பர் ஓட்டுகிறவர்கள் தோள் வலிக்கிறது என்று சொல்வதற்குக் காரணம் இந்த எண்தான்.

ஃபோர்க் ஏன் நீளமாகிறது? அதுவும் இதே கணக்கில் இருக்கு. கழுத்தின் அடியிலிருந்து சக்கர அச்சு வரை செங்குத்து உயரம் 500 மி.மீ. என்றால், 30 டிகிரி சாய்வில் அந்த தூரத்தை எட்ட 577 மி.மீ. குழாய் வேணும். 45 டிகிரியில் 707 மி.மீ. வண்டி அதே உயரத்தில் நிற்கவே 13 செ.மீ. கூடுதல் நீளம். ஸ்டைலுக்காக இன்னும் நீட்டுவது அதற்கு மேலே. பொறியியல் படித்தவர்களுக்கு 'கேன்டிலீவர்' ஞாபகம் இருக்கும்: வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். 577க்குப் பதில் 707 என்றால் அதே விசைக்கு வளைவு 1.8 மடங்கு. சில சாப்பர்களின் ஃபோர்க் மேட்டில் ஏறும்போது கண்ணுக்குத் தெரிந்து வளையும்.

இதற்கெல்லாம் தீர்வு இருக்கு. டிரெயிலைப் பழைய 115க்குக் கொண்டுவர ஆஃப்செட்டை 60லிருந்து சுமார் 145 மி.மீ.க்குக் கூட்டணும். ஸ்பிரிங்கர் ஃபோர்க்கில் சக்கரத்தைப் பிடிக்கும் சின்ன இணைப்புத் துண்டின் நீளத்தையும் கோணத்தையும் மாற்றி இதைச் செய்யலாம். அல்லது ஃபோர்க்கைப் பிடிக்கும் தகட்டிலேயே தனியாகச் சில டிகிரி சாய்வு கொடுக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் 'சுகர் பேர்' என்ற பெயரில் புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் ஒருவர், மிக நீளமான ஸ்பிரிங்கர் ஃபோர்க் வைத்தும் வண்டி லேசாகத் திரும்புகிற மாதிரி கட்டுவதற்குப் பெயர் பெற்றவர். கம்ப்யூட்டர் கிடையாது, டிசைன் சாஃப்ட்வேர் கிடையாது. கட்டி, ஓட்டி, திருத்தி, திரும்பக் கட்டி வந்த அறிவு.

எல்லோரும் அப்படி இல்லை. மோசமான வெல்டின் மேல் பாடி ஃபில்லர் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் நல்ல வெல்டுக்கும் கெட்ட வெல்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரோட்டில்தான் தெரியும்.

நம்ம ஊரில் புல்லட்டை இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கழுத்தை வெட்டின வண்டி கம்பெனி கொடுத்த வண்டி இல்லை. மேலே இருக்கும் எண்களைப் பார்த்தால் சட்டத்தின் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

பட்டறையில் இருந்தவர்கள்

'ஈஸி ரைடர்' வண்டிகள் கட்டப்பட்டது தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பென் ஹார்டியின் பட்டறையில். ஹார்டி கறுப்பினத்தவர். அந்தப் பகுதியில் ஹார்லி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மெக்கானிக். வேலையை ஒருங்கிணைத்தவர் கிளிஃப் வாஸ், இவரும் கறுப்பினத்தவர். லாரி மார்கஸ் என்ற மெக்கானிக்கும் கூட இருந்து உழைத்தார். ஃபோண்டாவுக்கு இரண்டு, டென்னிஸ் ஹாப்பருக்கு இரண்டு: படப்பிடிப்பில் ஒன்று கெட்டால் இன்னொன்று வேணுமே.

வாஸின் வாழ்க்கை தனிப் படமே எடுக்கலாம். 1960களில் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மாணவர் அமைப்பான எஸ்.என்.சி.சி.யில் களப்பணியாளர், புகைப்படக்காரர். 1964ல் மேரிலாந்து மாநிலம் கேம்பிரிட்ஜில் தேசியக் காவல் படை வீரர்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்து இழுக்கிற காட்சியை டேனி லயன் எடுத்தார். அமெரிக்க உரிமைப் போராட்டப் படங்களில் மிகவும் பேசப்பட்ட ஒன்று அது. அந்தக் காலத்தில் வாஸ் தன் சாப்பரிலேயே தெற்கு மாநிலங்களில் சுற்றினார். ஒரு கறுப்பின இளைஞன், தானே வெட்டிக் கட்டிய பைக்கில், அன்றைய அலபாமாவில்! அந்தக் கால நிலவரம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

படத்தின் கதையை இதோடு வைத்துப் பாருங்க. சாப்பரில் தெற்கே பயணிக்கும் இரண்டு வெள்ளை இளைஞர்கள், அவர்களின் தலைமுடியும் சுதந்திரமும் பிடிக்காத உள்ளூர்க்காரர்கள், கடைசியில் துப்பாக்கிச் சூடு. வாஸ் நிஜமாகவே செய்த பயணத்தின் சாயல் அதில் தெரியும். ஆனால் படத்தின் முக்கியப் பாத்திரங்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை.

வாஸ் தயாரிப்பின் ஆரம்பக் கட்டத்திலேயே நீக்கப்பட்டார். டைட்டிலில் வாஸும் இல்லை, ஹார்டியும் இல்லை. வண்டியின் வடிவம் யாருடைய யோசனை என்பதில் ஃபோண்டா சொன்னதும் வாஸ் சொன்னதும் ஒத்துப்போகாது. ஆனால் வேலை யார் பட்டறையில் நடந்தது என்பதில் சண்டை இல்லை. அப்புறம் ஏன் இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை?

ஒரு காரணம், ஆவணம் எழுதும் இடங்கள் இவர்களுக்கு மூடியிருந்தன. அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கமான ஏ.எம்.ஏ. 1950கள் வரை வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. கறுப்பின ஓட்டுநர்கள் தங்களுக்கென்று கிளப்புகள் வைத்துக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 'சோஸன் ஃப்யூ', ஓக்லாந்தில் 'ஈஸ்ட் பே டிராகன்ஸ்', இரண்டும் 1959ல் ஆரம்பித்தவை. டிராகன்ஸின் தலைவர் டோபி ஜீன் லெவிங்ஸ்டன் லூசியானாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். அவர்களும் ஹார்லியை வாங்கித் தாங்களே வெட்டிக் கட்டியவர்கள். லெவிங்ஸ்டன் பிற்காலத்தில் தன் நினைவுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்ததால் அந்த வரலாறு தப்பித்தது. பென் ஹார்டி புத்தகம் எழுதவில்லை, 1994ல் இறந்துவிட்டார்.

இன்னொரு காரணம் இந்தத் தொழிலின் இயல்பு. நான் இருக்கும் சாஃப்ட்வேர் துறையில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் எடுத்துத் தன் வழியில் மாற்றுவதற்கும் 'ஃபோர்க்' என்றுதான் பெயர். அங்கே யார் எந்த வரியை எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று வரிசையாகப் பதிவாகும். ஓப்பன் சோர்ஸ் உரிமங்களில் பலவும் முதலில் எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது என்கின்றன. பட்டறையில் அப்படி எதுவும் கிடையாது. நல்ல வெல்டரின் வேலை என்பதே வெல்டு போட்ட இடம் தெரியாமல் இருப்பதுதான். கட்டியவனின் கைத்தடம் மறையும் அளவுக்கு வேலை சிறப்பு. ஓட்டுகிறவன் முகம் மட்டும் போஸ்டரில் நிற்கும்.

படம் வந்த பிறகு

'ஈஸி ரைடர்' 1969 ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. சில லட்சம் டாலரில் எடுத்த படம், கோடிக்கணக்கில் வசூல். அதற்குப் பிறகு சாப்பர் கலிஃபோர்னியாவின் சொத்தாக இருக்கவில்லை. ஃபோர்க், டேங்க், ஹேண்டில்பார் எல்லாம் கேட்டலாக் பார்த்துத் தபாலில் வாங்கலாம் என்று ஆனது.

ஹார்லி கம்பெனிக்கு இந்த வெட்டுவேலை பிடிக்காமல்தான் இருந்தது. ஆனால் 1971ல் அவர்களே 'சூப்பர் கிளைடு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிறுவனரின் பேரன் வில்லி ஜி. டேவிட்சன் வடிவமைத்தது. பெரிய எஃப்.எல். மாடலின் ஃபிரேம், எஞ்சினோடு, சின்ன எக்ஸ்.எல். ஸ்போர்ட்ஸ்டரின் மெலிந்த முன்பகுதி. பெயரும் அப்படியே: எஃப்.எக்ஸ். பையன்கள் கராஜில் செய்துகொண்டிருந்ததைக் கம்பெனி பார்த்துச் செய்தது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

வீட்டிலேயே கட்டுவது நின்றுவிடவில்லை. கலிஃபோர்னியாவின் சான் லியாண்ட்ரோவில் ஆர்லன் நெஸ் 1960களில் 300 டாலருக்கு 1947ஆம் வருட ஹார்லி ஒன்றை வாங்கினார். வீட்டு கராஜில் வைத்து அதை மாற்றினார், பெயின்ட் அடித்தார். புது பைக் வாங்கக் காசு இல்லாததால் அதே வண்டியைப் பிரித்து வேறு வடிவத்தில் கட்டினார். பிறகு மறுபடியும். 2019ல் அவர் இறந்தபோது உலகின் மிகப் பிரபலமான பைக் வடிவமைப்பாளர்களில் ஒருவர். நெஸ் தானே கட்டி, தானே காட்சிக்கு வைத்து, கடைக்குத் தன் பெயரையே வைத்தார். அதனால் அவர் பெயர் நின்றது. ஹார்டியின் கைவேலை இன்னொருவரின் படத்துக்குள்ளே போய்விட்டது.

இரண்டாவது ஏலம்

அந்த நான்கு பைக்குகள் என்ன ஆயின? ஒன்று படத்தின் கடைசிக் காட்சியில் நொறுக்கப்பட்டது. மற்ற மூன்றும் படம் வெளியாவதற்கு முன்னாடியே திருடு போயின. அவை சினிமா வண்டிகள் என்று தெரியாமலே திருடன் பாகம் பாகமாக விற்றிருக்கலாம். ஒரு பழைய ஹார்லிக்கு நடக்கக்கூடியது அதுதான்.

நொறுங்கியதன் மிச்சத்தை எடுத்து வைத்திருந்தவர் படத்தில் தலைகாட்டிய நடிகர் டான் ஹேகர்டி. அவரிடமிருந்து வந்த பாகங்களை வைத்துத் திரும்பக் கட்டிய வண்டி என்றுதான் 2014ல் ஏலத்துக்கு வந்த பைக்கைச் சொன்னார்கள். பிரச்சினை என்னன்னா, ஹேகர்டி வேறொரு சமயத்தில் வேறொரு பைக்குக்கும் இதுதான் அசல் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஏலத்துக்கு முன்னாலேயே பத்திரிகைகள் இதைக் கிளப்பின. ஒரே சிதைவிலிருந்து இரண்டு அசல் வர முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. அசல் எது என்று தேடிய அந்த ஆர்வத்தில்தான் யார் கட்டியது என்ற கேள்வியும் சூடு பிடித்தது. வரலாற்று ஆர்வலர்கள் வாஸைத் தேடிப் போய்ப் பேசினார்கள். பல வருடம் படகிலேயே வாழ்ந்துகொண்டிருந்த மனிதர் அவர். அதே 2014ல் பால் டோர்லியான்ஸ் எழுதிய சாப்பர் வரலாற்றுப் புத்தகத்தில் வாஸும் ஹார்டியும் அவர்களுக்குரிய இடத்தில் வந்தார்கள். வாஸ் 2016ல் இறந்தார். தன் பெயர் அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஹார்டிக்கு அது கிடைக்கவில்லை.

இன்றைக்கு நீங்கள் எந்த அருங்காட்சியகத்தில் 'கேப்டன் அமெரிக்கா'வைப் பார்த்தாலும் அது நகலாக இருக்கும், அல்லது சர்ச்சைக்குரிய மறுகட்டாக இருக்கும். சந்தேகமில்லாத அசல் இரும்பு கையில் இல்லை. சந்தேகமில்லாமல் நமக்குத் தெரிந்தது, தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பட்டறை இருந்தது என்பதும் அங்கே யார் வேலை செய்தார்கள் என்பதும்தான்.

பழைய வண்டியை எடுத்துப் புதுப்பிக்கும் நண்பர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் போடுங்க. என்ன தேதியில் எதைக் கழற்றினோம், லேத் வேலை யார், வெல்டு யார், பெயின்ட் யார் என்று எழுதி வையுங்க. பட்டறை அண்ணனின் பெயரை முழுசாகக் கேட்டு எழுதுங்க, 'நம்ம மெக்கானிக்' என்று விட்டுவிடாதீங்க. வண்டியை விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தோடு அந்த நோட்டையும் கொடுத்துவிடுங்க.